படம் பிடித்த ஊருக்குப் படம் திரும்ப வேண்டும்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொதுத் தொலைக்காட்சியும் உள்ளூர் வரலாறும் என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். தூர்தர்ஷன் என்ற பெயரைக் கேட்டதும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ நினைவுக்கு வரும். நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன ‘எதிரொலி’ வரும், ‘வயலும் வாழ்வும்’ வரும். பேசத் தொடங்கினால் இரவு உணவு நேரம் தாண்டிவிடும். அந்த நினைவுகளின் பக்கம் நான் இன்று போகவில்லை. எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. அரசுப் பணத்தில், அரசு வண்டியில் நம் ஊர்களுக்கு வந்தார்கள். நம் பெரியவர்களை நிற்க வைத்துப் பேச வைத்தார்கள், ஆட வைத்தார்கள், படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்கள் இன்று எங்கே இருக்கின்றன? நம் ஊர்ப் பெண் ஒருத்தி தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, தன் தாத்தா பேசியதைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது அவளுக்குக் கிடைக்குமா?

ஒரு பொதுத் தொலைக்காட்சி நிலையம் உள்ளூர் வரலாற்றுக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி, எடுத்ததைக் காப்பாற்றுவது. ஊர்வாரியாகப் பெயர் எழுதி வைப்பது. எடுத்த ஊருக்கே அதைத் திருப்பித் தருவது. புதிய நிகழ்ச்சிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை நிறுவத்தான் வந்திருக்கிறேன்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்ப்போம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. 1967 ஜனவரி 26 அன்று ‘கிருஷி தர்ஷன்’ வந்தது. டெல்லியைச் சுற்றிய 80 கிராமங்களுக்கான விவசாய நிகழ்ச்சி அது. பம்பாய் நிலையம் 1972இல் வந்தது. நம் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தேதியைக் கவனியுங்கள். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த காலத்தில் பிறந்த நிலையம் அரசின் வாயாக இல்லாமல் வேறு எதுவாக இருந்திருக்க முடியும்? அந்தக் குறை நெடுங்காலம் அதை விடவில்லை. ஆனாலும் அதே நிலையத்தில் வேலை பார்த்த தயாரிப்பாளர்களும் ஒளிப்பதிவாளர்களும் செய்திக்கு வெளியே இருந்த நேரத்தில் ஊர் ஊராகப் போனார்கள். செய்தியில் சொல்ல முடியாதது விவசாய நிகழ்ச்சியிலும் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சியிலும் தானாகவே வந்து பதிந்தது. பெரிய மனிதர்கள் பேசியதைப் பத்திரிகைகளில் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாதாரண விவசாயி 1978இல் எப்படி உட்கார்ந்தார், எந்தச் சொல்லை எப்படி இழுத்துச் சொன்னார் என்பதை வேறு எங்கே போய்த் தேடுவது?

உள்ளூர்த் தொலைக்காட்சி என்றால் என்னவாக இருந்திருக்க முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் அருமையான முன்மாதிரி உண்டு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்று ஒரு கிராமம். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள் அல்லவா, அந்தச் சோதனையின் காலத்திலேயே இஸ்ரோ இந்த ஊரில் ஒரு சிறிய ஒளிபரப்புக் கோபுரத்தை நிறுவியது. செயற்கைக்கோள் சோதனை ஓராண்டில் முடிந்துபோனது. பிஜ் கோபுரம் மட்டும் ஏறத்தாழப் பத்தாண்டு இயங்கியது. மாவட்டத்தின் சில நூறு கிராமங்களுக்குப் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் கொடுத்தார்கள். பல ஊர்களில் அந்தப் பெட்டி பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் இருந்தது. அமுல் பிறந்த மாவட்டம் அது. மாலையில் பால் ஊற்ற வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து பார்த்தார்கள்.

எதைப் பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெல்லியில் தயாரித்த எதையோ பார்க்கவில்லை. அந்த வட்டாரத்தின் பேச்சுவழக்கில், அந்த ஊர் எழுத்தாளர்கள் எழுதிய நாடகங்களில், அந்த ஊர் மக்களே நடித்தார்கள். கூலி ஏன் குறைவாகத் தருகிறார்கள் என்று விவசாயத் தொழிலாளி கேட்டார். தீண்டாமை பற்றிப் பேசினார்கள். ‘தாத் ஃபரியாத்’ என்ற நிகழ்ச்சி மக்களின் புகார்களை எடுத்து உரிய அதிகாரிகளிடம் கேட்டது. படப்பிடிப்புக்குப் போகும் முன்பே கிராமத்தில் போய் உட்கார்ந்து, எது இவர்களுக்குப் பிரச்சினை என்று கேட்டு எழுதிக்கொள்ளும் ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஒளிபரப்பான பிறகும் போய்க் கேட்டார்கள். 1984இல் கிராமத் தகவல்தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

அதன் முடிவை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1985இல் பிஜ் கோபுரத்தின் ஒளிபரப்புக் கருவியை நம் சென்னைக்குக் கொண்டுவர அரசு முடிவெடுத்தது, இங்கே இரண்டாவது அலைவரிசை தொடங்குவதற்காக. கேடா மக்கள் எதிர்த்தார்கள். எங்கள் தொலைக்காட்சியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று போராடினார்கள். ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்காக மக்கள் தெருவுக்கு வந்தார்கள் என்றால் அவர்கள் அதைத் தங்களுடையதாக நினைத்தார்கள் என்றுதான் பொருள். பிஜ் அந்த ஆண்டே மூடப்பட்டது. சென்னைவாசிகளின் மாலைப் பொழுதுக்கு இன்னொரு சேனல் வேண்டும் என்பதற்காக ஒரு மாவட்டம் தன் குரலை இழக்க வேண்டியிருந்ததை நினைக்கும்போது, தமிழன் என்ற முறையில் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இந்தியாவின் ஒளிபரப்புக் கொள்கை அதற்குள் வேறு திசையில் திரும்பிவிட்டது. 1982 ஆகஸ்ட் 15 அன்று தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. அந்த ஆண்டே வண்ணமும் வந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் பெட்டி முன்னால் உட்காரும் நேரம் டெல்லிக்குப் போய்விட்டது. தமிழுக்கு மிஞ்சியது மாலைப்பொழுதின் முன்பகுதி. இது வெறும் மொழிப் பிரச்சினை என்று பலர் நினைத்தார்கள். மொழிப் பிரச்சினைதான், மறுக்கவில்லை. கூடவே அது நேரப் பிரச்சினையாகவும் இருந்தது. இருக்கும் சொற்ப நேரத்தைச் செய்திக்கும் சினிமாப் பாட்டுக்கும் நாடகத்துக்கும் பங்கிட்ட பிறகு, ஏதோ ஒரு ஊரின் ஏரி வரலாற்றுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும்?

தெற்குச் சீமைக்கு அதுவும் கிடைக்கவில்லை. கொடைக்கானலில் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வரும்வரை சென்னையின் நிகழ்ச்சி மதுரைக்கும் நெல்லைக்கும் எட்டவில்லை. இலங்கையில் 1982 பிப்ரவரி 15 அன்று ரூபவாகினி தொடங்கியது. ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கரையோரத்தில் மொட்டைமாடியில் உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, கொழும்புத் தமிழைக் கேட்டார்கள். அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் கம்பம் நட்டு நம் தூர்தர்ஷனைப் பார்த்தார்கள். கடல் நடுவில் இருந்தும் இரு கரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில ஆண்டுகளைப் பற்றி யாராவது ஓர் ஆய்வு செய்ய வேண்டும். இங்கே மாணவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன்.

செய்யாறு, வந்தவாசி, செஞ்சி என்று இந்த வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குப் படுகளம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாணவர்களில் சிலர் நகரத்தில் வளர்ந்திருப்பீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் உயரமான மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலை, கோயிலுக்கு எதிரே திறந்தவெளியில், அதுதான் படுகளம், மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்த துரியோதனனைச் செய்திருப்பார்கள். ஓர் ஆள் அதன் மார்பில் ஏறி நின்றால் சிறுவன் போலத் தெரிவார், அவ்வளவு பெரிய உருவம். விழித்த கண், முறுக்கிய மீசை, மஞ்சளும் நீலமும் சிவப்புமாகக் கோலப்பொடி தூவிய நகைகள். தொடையில் செந்நீர் வைத்திருப்பார்கள். இரவு முழுக்க ஆடிக் கண் சிவந்த வீமன் வேடக்காரர் கதாயுதத்தோடு வருவார். துரியோதனன் வேடக்காரர் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். கடைசியில் தொடையில் அடி விழும். அந்தச் செந்நீரைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தலை முடிப்பார்கள். கூட்டம் அழும். பிறகு அந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கும் நிலத்துக்கும் போவார்கள். அன்று மாலைக்குள் துரியோதனன் கரைந்துவிடுவான்.

மண்ணில் செய்து அன்றே கலைத்துவிடும் சிற்பம் அது. அதைச் செய்தவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. ஒவ்வோர் ஊரிலும் அந்த முகம் வேறு மாதிரி. ஒருவர் செய்வதை அவர் மகன் அப்படியே செய்வதில்லை. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் ஊர் ஊராக அலைந்து 1988இல் பெரிய நூல் வெளியிட்டார். அது நூல், எழுத்தில் சொல்ல முடிந்ததைச் சொல்லும். வீமன் எந்தக் காலை முன்வைத்து வந்தான், முகவீணை எந்த இடத்தில் நின்றது என்பதையெல்லாம் படம்தான் சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சி கூத்தைக் காட்டியது. அதற்காக நான் நன்றி சொல்கிறேன். சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பலர் முகவீணைச் சத்தத்தை முதல்முதலாக அதில்தான் கேட்டார்கள். ஆனால் காட்டிய விதம் எப்படி இருந்தது? இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுவதை அரைமணிக்குள் சுருக்கச் சொன்னார்கள். கட்டியங்காரன் ஊர் வம்பைச் சொல்லிச் சிரிக்க வைக்கும் பகுதி வெட்டப்பட்டது. ஸ்டுடியோவின் வெள்ளை வெளிச்சத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் பளிச்சென்று தெரிந்தன. எதிரே பார்க்க ஒருவரும் இல்லை. கூத்தாடிக்குக் கூட்டம்தான் பாதி உயிர். பக்கத்தில் கர்நாடக இசைக்கு முழுக் கச்சேரி நேரம் கிடைத்தபோது, பறைக்கும் ஒப்பாரிக்கும் பொங்கல் விழாச் சிறப்பு நிகழ்ச்சியில் சில நிமிடங்கள் கிடைத்தன. இந்தப் பாகுபாட்டை நாம் மறைக்கக் கூடாது. யாருடைய கலை வரலாறு, யாருடைய கலை வேடிக்கை என்று அந்த நிமிடக் கணக்கே சொல்லிவிட்டது.

கருவியின் எல்லையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் நடந்தது. 400 அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். எட்டு மணி நேரக் கூத்தை முழுதாக எடுக்க நாற்பதுக்கு மேற்பட்ட சுருள்கள் வேண்டும். பிறகு யூமேட்டிக் நாடா வந்தது. ஒருவர் தோளில் கேமரா, இன்னொருவர் தோளில் பதிவுக்கருவி, இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். அந்தக் கருவியில் போடும் கேசட் 20 நிமிடம்தான் ஓடும். இரவில் விளக்குக்கு மின்சாரம் வேண்டும். கிராமத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். இந்தச் சிரமத்தோடு அவர்கள் எடுத்து வந்த ஒவ்வொரு நிமிடமும் எனக்கு மதிப்புடையது. அதனால்தான் அதைக் கைவிட முடியவில்லை.

கூத்தாவது கலை என்று தனியே தெரிந்தது. வரலாறு என்று யாருமே நினைக்காமல் பதிவானது ‘வயலும் வாழ்வும்’. இந்த வழக்கம் வானொலியிலிருந்து வந்தது. 1960களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல்லைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லி, தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். தொலைக்காட்சியின் விவசாய நிகழ்ச்சியும் உரம், விதை, பூச்சி மருந்து என்று சொல்லத்தான் வந்தது. ஆனால் விவசாயியை அவர் நிலத்தில் நிற்க வைத்து எடுத்தபோது அவருக்குப் பின்னால் கிணறு இருந்தது. கவலை இறைக்கும் மாடுகள் சரிவில் இறங்கி, மறுபடி பின்னடையாக ஏறின. இரும்புச் சாலின் தோல் வாலிலிருந்து தண்ணீர் சரிந்து ஓடியது. பாத்தி கட்டும் பெண் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். அன்று கேள்வி கேட்டவர் உரத்தைப் பற்றித்தான் கேட்டார். இன்று நாம் அந்தப் பின்புலத்தைத்தான் பார்ப்போம். மின்மோட்டார் வந்தது, நிலத்தடி நீர் இறங்கியது, மாடுகள் போயின. அந்தக் கிணற்றில் நீர் எந்தப் படியில் நின்றது என்பதற்கு அந்தக் காட்சியே சாட்சி. அந்த விவசாயி பேசியது செய்தி வாசிப்பவரின் தமிழ் இல்லை. வடஆற்காட்டுத் தமிழாகவோ கொங்குத் தமிழாகவோ இருந்தது. வட்டாரப் பேச்சு திரைப்படத்தில் பெரும்பாலும் சிரிப்புக்காக வந்த காலத்தில், அது மரியாதையோடு ஒலித்த இடம் இந்த விவசாய நிகழ்ச்சி.

அந்த நாடாக்களுக்கு என்ன ஆனது?

உலகம் முழுக்கவே இதில் ஒரு சோகக் கதை உண்டு. ஒளிப்பதிவு நாடா விலை உயர்ந்தது. அழித்துவிட்டு மறுபடி பதியலாம். அதனால் அழித்தார்கள். பிபிசி 1960களின் நாடகத் தொடர்களை அழித்தது. 1969இல் மனிதன் நிலவில் இறங்கிய இரவில் தன் ஸ்டுடியோவிலிருந்து ஒளிபரப்பிய நிகழ்ச்சியைக்கூட அது காப்பாற்றவில்லை. நாடாவுக்கு அன்னியச் செலாவணி செலவழிக்க வேண்டியிருந்த நம் நாட்டில் அழிக்காமல் இருந்திருப்பார்களா? தூர்தர்ஷனின் தொடக்க ஆண்டுகளில் எத்தனையோ நிகழ்ச்சிகள் அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் கொடுத்து மறைந்தன.

அழியாமல் தப்பியவற்றுக்கு வேறு ஆபத்து. காந்த நாடாவில் பிசின் போன்ற ஒரு பூச்சுதான் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் பட்டால் அந்தப் பூச்சு தண்ணீரை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் நாடா தலைமுனையில் ஒட்டிக்கொண்டு துகளை உரித்துவிடும். அப்படிப்பட்ட நாடாவை மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வாட்டி, ஒரே ஒருமுறை ஓட்டி, டிஜிட்டலாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றவும் பழைய கருவி வேண்டும். அந்தக் கருவியை இப்போது யாரும் செய்வதில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2025ஆம் ஆண்டைக் கெடுவாக வைத்து, அதற்குள் உலகத்தின் காந்த நாடாக்களை மாற்றிவிடுங்கள் என்று ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் எச்சரித்தது. யுனெஸ்கோவும் அந்த எச்சரிக்கையில் சேர்ந்துகொண்டது.

இதைவிட எனக்குக் கவலை தருவது பெயரில்லாமை. ஒரு காப்பகத்தில் பழைய கேசட் உறைகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. காப்பகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நிலைமை எங்கும் இதுதான். முதுகுப்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ‘கிராமியக் கலை, 18 நிமிடம்’ என்று எழுதியிருந்தது. எந்தக் கிராமம்? ஆடியவர் யார்? எந்த மாதம்? ஒன்றும் இல்லை. தயாரிப்பாளரின் பெயர் இருந்தது, அவர் காலமாகிவிட்டார். அந்த நாடாவை மிகச் சிறந்த முறையில் டிஜிட்டலாக்கி வைத்தாலும் அது அனாதைதான். கணினியில் நீங்கள் எந்த ஊர்ப் பெயரைத் தட்டினாலும் அது வந்து நிற்காது. அந்த ஊர்க்காரர் ஒருவரை உட்கார வைத்துக் காட்டினால், கோயில் கோபுரத்தைப் பார்த்தே, பின்னால் நிற்கும் வேப்பமரத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார். ஆடுபவரின் பேரனைக்கூடக் காட்டிக் கொடுப்பார். அந்த அறிவு காப்பகத்தில் கிடையாது; ஊரில் இருக்கிறது. அதை உடையவர்கள் எண்பது வயதில் இருக்கிறார்கள்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே பொது ஒளிபரப்பாளரான என்எச்கே, 1963 முதல் 1982 வரை ‘ஷின் நிப்பொன் கிக்கோ’ என்ற தொடரை ஒளிபரப்பியது. ஊர் ஊராகப் போய் அந்த ஊரின் தொழிலையும் திருவிழாவையும் மனிதர்களையும் எடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, பழைய படத்தை எடுத்துக்கொண்டு அதே ஊருக்கு மறுபடி போனார்கள். படத்தில் இருந்த சிறுவன் கிழவனாகியிருந்தான், சுரங்கம் மூடியிருந்தது, சில ஊர்களில் திருவிழா இன்னும் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துக் காட்டினார்கள். 2003இல் கவாகுச்சி நகரில் தனி ஆவணக் காப்பகம் திறந்தார்கள். நாடெங்கும் உள்ள தங்கள் நிலையங்களில், யார் வேண்டுமானாலும் வந்து பழைய நிகழ்ச்சிகளைக் கட்டணமில்லாமல் பார்க்க வசதி செய்தார்கள். பிரான்சில் ஒளிபரப்பானதைச் சேர்த்து வைப்பதற்கென்றே 1975 முதல் இனா என்ற நிறுவனம் இயங்குகிறது. அச்சிட்ட புத்தகத்தைத் தேசிய நூலகத்துக்குக் கொடுப்பது போல ஒளிபரப்பையும் கொடுக்க வேண்டும் என்று 1992இல் சட்டமே வந்தது. 2006 முதல் பொதுமக்கள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள்.

அவர்கள் பணக்கார நாடுகள் என்பீர்கள். உண்மை. ஆனால் ஊருக்குத் திரும்பிப் போவதற்குப் பெரிய பணம் வேண்டாம். எடுத்த ஊரின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

இப்போது யூடியூப் இருக்கிறதே, கூத்து மன்றங்களே விடிய விடிய ஆடுவதைக் கைப்பேசியில் எடுத்து முழுதாக ஏற்றுகிறார்களே, இனி அரசுத் தொலைக்காட்சி எதற்கு என்று போன வாரம் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்த இளைஞர்கள் செய்வது பெரும் தொண்டு. தூர்தர்ஷனால் 20 நிமிடக் கேசட்டில் செய்ய முடியாததை அவர்கள் செய்கிறார்கள். கட்டியங்காரனின் வம்பும் வெட்டுப்படாமல் வருகிறது. ஆனால் கைப்பேசிக் கேமரா வருவதற்கு முந்திய முப்பது ஆண்டுகளை அவர்களால் போய் எடுக்க முடியாது. அந்த முப்பது ஆண்டுகளின் அசையும் படம், சினிமாவைத் தவிர்த்தால், பெரும்பாலும் அரசின் கையில்தான் இருக்கிறது. தவிர, ஒரு தனியார் தளம் நாளை தன் விதியை மாற்றினால், அந்தக் கணக்கு முடங்கினால், யாரிடம் போய் முறையிடுவது? நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நிறுவனத்திடம் ஒரு பிரதி இருக்க வேண்டும். இன்று அந்த மன்றங்கள் எடுப்பதையும் கேட்டு வாங்கிச் சேர்த்து வைக்கும் வேலையைப் பொதுத் தொலைக்காட்சி செய்தால், அதற்கு இன்னும் ஐம்பது ஆண்டு வேலை இருக்கிறது.

பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று சும்மா சொல்லவில்லை. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நாட்டின் பல்வேறு வட்டாரங்களின் பண்பாட்டுக்கும் மொழிகளுக்கும் போதிய இடம் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளுக்கான நூலகங்களை நிறுவிப் பராமரிப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. நூலகம் என்றே இருக்கிறது. நூலகம் என்றால் வாசகன் போய்க் கேட்கலாம், கேட்டால் எடுத்துத் தர வேண்டும்; இந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து அதை நான் விளக்கத் தேவையில்லை. பிரசார் பாரதி ஆவணக் காப்பகம் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை டிஜிட்டலாக்கி இணையத்தில் வெளியிட்டு வருகிறது. 2024 நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்ற செயலியும் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் வெளிவருவது பெரும்பாலும் புகழ்பெற்றவர்கள்: பெரிய வித்வான்கள், பெரிய தலைவர்கள், பெரிய தொடர்கள். அவர்களைத் தேட ஆள் இருக்கிறது. பெயர் தெரியாத கிராமத்து ஆட்டக்காரரைத் தேட யாரும் இல்லாததால் அவர் கடைசியில் நிற்கிறார். வரிசையை மாற்றச் சொல்கிறேன். புகழ்பெற்றவரின் கச்சேரி இன்னும் பத்து இடங்களில் கிடைக்கும். அந்த ஆட்டக்காரர் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறார். முதலில் அவரைக் காப்பாற்றுங்கள்.

சென்னை சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் நிலையம் 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை விட்டு டிடி தமிழ் ஆகியிருக்கிறது. புதிய வண்ணம், புதிய நிகழ்ச்சிகள் எல்லாம் வந்திருக்கின்றன. மாவட்டந்தோறும் மைய நூலகம் இருக்கிறது, அதில் கணினி இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. நிலையத்தில் மிஞ்சியிருக்கும் வெளிப்புறப் படப்பிடிப்புகளை மாவட்டவாரியாகப் பிரித்து, அந்தந்த மாவட்ட நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே திரையிடுவோம். பெரியவர்களை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைப்போம். இது எந்த ஊர், இவர் யார், இது எந்த ஆண்டு வெள்ளத்துக்கு முன்பு என்று அவர்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பு சென்னைக்குத் திரும்பிப் போகட்டும். ஆடியவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் உரிய மதிப்பும், அந்தப் படத்தால் வருமானம் வந்தால் உரிய பங்கும் போய்ச் சேர வேண்டும். அன்று அவர்களுக்குக் கொடுத்த சன்மானம் பஸ் செலவுக்கும் மேக்கப் சாமானுக்கும் சரியாகப் போயிருக்கும்.

இந்த வேலையைச் சென்னை தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் யாரையாவது தூர்தர்ஷன் படம் எடுத்திருந்தால், அவர் பெயர், ஊர், எடுத்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி, கூட யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்தவரை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், மூத்தவனுக்குக் கல்யாணம் ஆன வருஷம், ஏரி உடைந்த வருஷம் என்று எழுதுங்கள், கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தாள்களைச் சேர்த்து, வாசகர் வட்டத்தின் பெயரால் சென்னை நிலையத்துக்குக் கடிதம் எழுதுவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரசார் பாரதிக்கும் பொருந்தும். இந்த மாவட்டத்தில் எடுத்த பதிவுகள் உங்களிடம் எவை இருக்கின்றன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தாளும் பேனாவும் வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். போகும்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்றால், பெரியவர்கள் தூங்குவதற்கு முன்னால் இன்றைக்கே கேளுங்கள்.